பதினொரு மில்லிவோல்ட்

மூத்தவளும் இளையவளும் பேச்சை விட்டு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். வீட்டில் மேல்மாடி மூத்தவளுக்கு, கீழ்த்தளம் இளையவளுக்கு. வேலை பார்ப்பதும் ஒரே ஆய்வு நிறுவனம்தான். அங்கே மட்டும் ஏற்பாடு தலைகீழ்: மூன்றாம் மாடியில் இளையவள், அடித்தளத்தில் மூத்தவள். வாசலில் எதிரெதிரே வந்துவிட்டால் இருவரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்து என்று சொல்வதற்குக்கூட மாமியார்தான் படியேறி இறங்க வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் என் முட்டி தேய்ந்துவிட்டது என்று அந்த அம்மாள் புலம்புவாள். ஆனால் வீட்டுச் செய்தி முழுவதும் தன் வாய் வழியாகத்தான் போகிறது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு மிதப்பும் உண்டு.

சண்டை சொத்துக்காக இல்லை. ஒரு பெயருக்காக.

மூத்தவள் செய்வது கைவேலை. எலியின் கண்ணிலிருந்து விழித்திரையை எடுத்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, அதில் ஒரே ஒரு செல்லைக் கண்ணாடி ஊசியால் தொட்டு, அதன் மின்சாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அவள் தொடுவது வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்லும் இல்லை, மூளைக்குச் சேதி அனுப்புகிற செல்லும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நின்று சேதியைக் கைமாற்றிவிடுகிற செல். மங்கிய வெளிச்சத்தில் நாம் தட்டுத்தடுமாறாமல் நடப்பது அதன் தயவில். ஊசி முனை மூச்சுக்காற்றுக்கே ஆடும். கதவைச் சாத்தினால் போச்சு, யாராவது தும்மினால் போச்சு. அதனால் அவள் அறைக்குள் ஒரு ஈ காக்கை போக முடியாது. நிறுவனத்தில் அவளுக்கு ஊசிக்கை என்றே பெயர். பதவி என்னவோ தொழில்நுட்ப உதவியாளர்தான்.

இளையவள் செய்வது கணினி வேலை. மூத்தவள் பதிவு செய்த எண்களை வைத்து அதே செல்லைக் கணினிக்குள் கட்டுவாள். செல்லின் சுவரில் சோடியத்துக்கு ஒரு சேனல், பொட்டாசியத்துக்கு ஒரு சேனல் என்று நிறைய வாயில்கள் உண்டு. எந்த வாயில் எத்தனை மில்லிவோல்ட்டில் திறக்கும், எவ்வளவு நேரத்தில் மூடும் என்று சமன்பாடு எழுதி ஓடவிட்டால், திரையில் ஒரு செல் துடிக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதும் உண்மை.

அப்படி ஆடிய காலத்தில்தான் முதல் கட்டுரை வந்தது. மூத்தவள் பதிவு செய்த பத்தொன்பது செல்களை வைத்து எழுதிய கட்டுரை. ஆசிரியர் பட்டியலில் இளையவள் பெயர் இருந்தது, ஆய்வகத் தலைவர் பெயர் இருந்தது, ஒரு மாதம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒருவரின் பெயர்கூட இருந்தது. மூத்தவள் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், பதிவறைக்கு நன்றி என்று ஒரு வரி. அன்று சாப்பாட்டு மேசையில் கணவன் இதைக் கேட்டபோது இளையவள், பதிவு பண்ணுவது கைவேலை, யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம் என்று சொன்னாள். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த மூத்தவள் காதில் அது விழுந்தது. மறுநாள் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"டேட்டா நிறுவனத்தோடது. ஃபோல்டர்ல கிடக்கும், எடுத்துக்கோ. ஆனா இனிமே என்கிட்ட வாய் திறந்து எதையும் கேக்காதே."

இளையவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேட்கவில்லை. எண்கள் ஃபோல்டரில் கிடந்தன, எடுத்துக்கொண்டாள். எண்களுக்கு வாயா இருக்கிறது, அவற்றோடு சண்டை போட?

அந்த எண்களை வைத்துதான் அவள் இரண்டாவது கட்டுரைக்கு வேலை செய்தாள். அதில்தான் அவள் வாழ்க்கை திரும்பியது. பத்தொன்பது செல்களின் எண்களையும் இன்னும் கவனமாகப் போட்டு ஓடவிட்டபோது, திரையில் இருந்த செல் இருட்டிலேயே கத்த ஆரம்பித்தது. வெளிச்சம் இல்லை, சேதி இல்லை, சும்மா உட்கார்ந்த இடத்தில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. சோடியம் வாயில்கள் வெகு சீக்கிரம் திறந்துகொண்டன. நிஜமான செல் அப்படிக் கத்தாது. அப்படியானால் அதன் வாயை அடைக்க வேறு ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும். அவள் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பொட்டாசியம் சேனலைக் கணக்கில் சேர்த்தாள். செல் கப்சிப் என்று அடங்கியது. அதற்குக் காவல் சேனல் என்று பெயர் வைத்தாள். கணக்கு ஒரு சேனலைக் கண்டுபிடித்திருக்கிறது, இனி பதிவு செய்கிறவர்கள் போய்த் தேடட்டும் என்று மாநாடுகளில் பேசினாள். கைதட்டினார்கள். எட்டு வருட ஒப்பந்த வேலைக்குப் பிறகு நிரந்தரப் பதவிக்கு அவள் பெயர் போனதே அந்தக் காவல் சேனலால்தான். வரும் வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவின் முன்னால் பேச வேண்டும். பேச்சு தேறினால் பதவி. தேறாவிட்டால் இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு வருடம், மூன்றாம் மாடியில் அதே கார் நிறுத்தம் தெரியும் ஜன்னல்.

செவ்வாய்க்கிழமை மதியம் இளையவள் ஏறிய மின்தூக்கியில் கருவிகளைப் பழுது பார்ப்பவர் இருந்தார். அடித்தளத்திலிருந்து வந்துகொண்டிருந்தார், முகம் தொங்கிப்போயிருந்தது. இளையவளைப் பார்த்ததும் ஆற்றாமையைக் கொட்டினார்.

"உங்க ஓரகத்தி ரூம்ல பதிவுக் கருவி பாக்கப் போனேன். அந்த முதல் திருகு பதினொண்ணுல நிக்குது. பழுதோன்னு சைபருக்குத் திருப்பப் போனேன், கையைத் தட்டி விட்டுட்டாங்க. அது எப்பவும் பதினொண்ணுலதான் நிக்குமாம்."

மின்தூக்கி மூன்றாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. இளையவள் இறங்கவில்லை. இறங்கலியா என்று அவர் கேட்ட பிறகுதான் இறங்கினாள்.

இந்தப் பதினொன்று என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஊசிக்குள் இருக்கும் கரைசல் வேறு, வெளியே செல்லைச் சுற்றி இருக்கும் கரைசல் வேறு. இரண்டும் தொடுகிற இடத்தில் சும்மாவே கொஞ்சம் மின்னழுத்தம் பிறக்கும். அது செல்லுடையது இல்லை, ஊசியுடையது. மூத்தவளின் கரைசலுக்கு அது பதினொரு மில்லிவோல்ட். அதைக் கழித்தால்தான் செல்லின் உண்மையான எண் கிடைக்கும். எல்லோரும் பதிவு முடிந்த பிறகு கணினியில் கழிப்பார்கள். அப்படிக் கழித்தால் எண்கள் எழுபது, அறுபது என்று முழுசாக இல்லாமல் எண்பத்தொன்று, எழுபத்தொன்று என்று நெளிந்து நிற்கும். மூத்தவளின் ஃபோல்டரில் எண்கள் முழுசு முழுசாக இருந்தன. முழுசாக இருந்தால் இன்னும் கழிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதனால் இளையவள் எழுதிய நிரலின் முதல் வரியே பதினொன்றைக் கழிப்பதுதான்.

ஆனால் செல்லைத் தொடும் முன்பே கருவியின் திருகில் பதினொன்றை வைத்துவிட்டால்? கருவியே கழித்துவிடும். எண்களும் முழுசாகவே நிற்கும். அப்புறம் நிரலின் முதல் வரி அதே பதினொன்றை இரண்டாம் முறை கழிக்கும். ஒவ்வொரு வாயிலும் பதினொரு மில்லிவோல்ட் முன்னாலேயே திறக்கும். செல் இருட்டில் கத்தும். அதன் வாயை அடைக்க, இல்லாத ஒரு சேனலை யாராவது நான்கு மாதம் உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள்.

இளையவள் தன் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தவள், பழுது பார்ப்பவர் இன்றைய திருகைத்தானே பார்த்தார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பத்தொன்பது செல்களை எடுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அப்போது திருகு எங்கே இருந்தது என்பது மூத்தவளுக்கு மட்டும்தான் தெரியும். இல்லையென்றால் அவளுடைய கறுப்புப் பதிவேட்டுக்குத் தெரியும். அது பூட்டிய அறைக்குள் இருக்கிறது. இளையவள் அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கைவேலை நடக்கும் அறையில் தனக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டாள்.

ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க அன்று மாலை வீட்டில் பதினெட்டுப் படி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

மேலே மூத்தவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் டிவிக்கு முன்னால் இருந்தாள், இளையவள் தலையைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தாள். இப்படிப்பட்ட காட்சியைத் தவறவிட அந்த அம்மாள் என்ன முட்டாளா?

"அக்கா" என்றாள் இளையவள். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அன்றுதான் சொன்னாள். "அந்தப் பத்தொம்பது செல் எடுத்தப்போ, கருவியில முதல் திருகு பதினொண்ணுல இருந்துச்சா?"

மூத்தவள் மடித்த போர்வையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உட்கார் என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகுதான் பதில் சொன்னாள்.

"இல்லியே. அப்போ சைபர்லதான் இருந்துச்சு. போன வருஷத்துலேர்ந்துதான் பதினொண்ணு வெக்கிறேன்."

"நிச்சயமா?"

"என் வேலை எனக்குத் தெரியாதா?" என்றாள் மூத்தவள். இளையவள் படியிறங்கத் திரும்பியபோது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னாள். "வெள்ளிக்கிழமை நல்லா பேசு."

இளையவளுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. கீழே வந்து இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டாள். கணவன், என்ன விசேஷம் என்று கேட்டான். ஒன்றுமில்லை, உங்கள் அண்ணி வாய் திறந்தார்கள் என்றாள். எதிலும் பட்டுக்கொள்ளாத அந்த மனிதன்கூட ஒரு நிமிடம் கையில் எடுத்ததை வாயில் போடாமல் அவளைப் பார்த்தான்.

புதன்கிழமை காலை பல் துலக்கும்போதுதான் அது உறைத்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாளே, ஏன்? நல்லா பேசு என்றாளே, எதற்கு? வாசலில் இளையவளின் செருப்பு கிடந்தால் காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறவள் அவள். அவள் வழக்கம்போல, கேட்காதே என்று சொன்னேனே, மறந்துவிட்டதா என்று எரிந்து விழுந்திருந்தால் இளையவள் அந்தப் பதிலை நம்பியிருப்பாள். உபசாரம்தான் காட்டிக்கொடுத்தது. வாயில் நுரையோடு இளையவள் கண்ணாடியைப் பார்த்து, யாருக்குக் காது குத்துகிறாய் என்றாள்.

ஆனால் சந்தேகம் போதாது, சாட்சி வேண்டும். செல்லிடமே கேட்கலாம் என்பது அலுவலகத்துக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. மூத்தவள் அதே பத்தொன்பது செல்களிலும், அதே ஊசி உள்ளே இருக்கும்போதே, இன்னொன்றையும் பதிவு செய்து வேறு ஃபோல்டரில் போட்டிருந்தாள். மேலே இருக்கும் செல் குளூட்டமேட் என்ற பொருளைத் துப்பிச் சேதி சொல்லும்போது ஓடுகிற மின்சாரம் அது. தன் கணக்குக்குத் தேவையில்லை என்று இளையவள் அதைத் திறந்ததே இல்லை. அந்த மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. சரியாகச் சைபர் மில்லிவோல்ட் பக்கத்தில் அது திசை மாறும், உள்ளே ஓடியது வெளியே ஓடும். இந்தத் தொழிலில் முதல் வருடம் படிக்கிறவர்களுக்கே தெரிந்த சங்கதி. பதினொன்று கழிக்காத பதிவென்றால் கோடு சைபரைத் தாண்டிப் பதினொன்றில் வெட்டும். ஏற்கெனவே கழித்த பதிவென்றால் சைபரில் வெட்டும்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு ஃபோல்டரைத் திறந்தாள். முதல் செல், சைபர். இரண்டாவது, சைபர். மூன்றாவது அரை மில்லிவோல்ட் தள்ளி. பத்தொன்பது கோடுகளையும் ஒரே படத்தில் போட்டாள். பத்தொன்பதும் ஒரே புள்ளியில் வந்து கூடின. அப்படி ஒரு பதிவை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அந்த நேரத்திலும் அது அழகாகத்தான் இருந்தது, அதற்காகவும் அவளுக்கு எரிந்தது.

நிரலின் முதல் வரியில் பதினொன்றை அழித்துச் சைபர் போட்டாள். காவல் சேனலை எடுத்துவிட்டாள். ஓடவிட்டாள். செல் இருட்டில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது. மங்கலாக ஒரு வெளிச்சம் காட்டினாள், ஒருமுறை துடித்து அடங்கியது. எந்தக் காவலும் தேவைப்படவில்லை. இரண்டு வருடமாக அவள் பெற்று வளர்த்த சேனல் ஒரு திருகுக்குப் பிறந்த பிள்ளை.

இளையவள் அழவில்லை. வெறுத்தாள். அவள் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு சுத்தமாக வெறுத்ததில்லை. மூத்தவளுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. மாநாட்டுச் சுவரொட்டி கீழே நடைக்கூடத்தில்தான் ஒட்டியிருந்தது. அதில் இருக்கும் எண்களைப் பார்த்தால் ஊசிக்கைக்கு ஒரு நொடி போதும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, தினமும் அதைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். கேட்டபோதும் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அரங்கத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்பதற்காகத்தானே?

வியாழக்கிழமை மாமியார் கொண்டுவந்த சேதி அதை உறுதிப்படுத்தியது. பெரியவள் நாளைக்கு உன் பேச்சுக்கு வருகிறாளாம், புடவையெல்லாம் தேய்த்து வைத்திருக்கிறாள், நீங்கள் ராசியாகிவிட்டீர்களா என்று அந்த அம்மாள் சந்தோஷமாகக் கேட்டாள். ஆமாம் அத்தை, ரொம்ப ராசி என்றாள் இளையவள்.

அன்று முழுவதும் அவள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். பூசி மெழுகிக்கொண்டு பழைய பேச்சையே பேச முடியாது, மூத்தவள் எழுந்தால் மானம் போகும். தானே தவற்றைச் சொல்லிவிட வேண்டும். பதவி போனால் போகட்டும். ஆனால் தனியாகப் போகக்கூடாது, அவளையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் இவரிடம் நேரில் கேட்டேன், இவர் பொய் சொன்னார், என் மாமியார் சாட்சி. இந்த மூன்று வாக்கியத்தையும் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தேன் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் அறுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் குழு, நடுவில் வெளியூரிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர். இரண்டாவது வரிசையில், நேர் எதிரே, மூத்தவள். எந்தக் கருத்தரங்குக்கும் வராதவள். மடியில் கறுப்புப் பதிவேடு, அதில் ஒரு பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு காகிதம் செருகியிருந்தது.

இளையவள் முதல் படத்திலேயே சொல்லிவிட்டாள். காவல் சேனல் என்று ஒன்று இல்லை, கழித்ததையே நான் மறுபடி கழித்துவிட்டேன் என்றாள். யாரோ ஒருவர் இருமிவிட்டு, இருமியதற்காக வெட்கப்பட்டார். எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டார். அவள் பத்தொன்பது கோடுகளின் படத்தைப் போட்டாள்.

தலைவர் இளமையில் ஊசி பிடித்தவர். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பத்தொன்பதும் கூடுகிற புள்ளியில் விரலை வைத்தார். பேச்சு நின்றுவிட்டது என்பதே அவருக்கு மறந்துபோன மாதிரி இருந்தது.

"இது யார் எடுத்தது?" என்றார். "இந்தக் கையைக் கண்ணை மூடிட்டு நம்பலாம்."

எட்டு வருடத்தில் எத்தனையோ மேடைகளில் இளையவள் இந்தக் கேள்விக்கு, எங்கள் பதிவறை என்று பதில் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காங்க. என் ஓரகத்தி. முதல் கட்டுரையில அவங்க பேரு இருந்திருக்கணும். நான் போடல."

அறுபது தலைகளும் திரும்பின. மூத்தவள் அசையவில்லை. பதிவேட்டைத் திறந்து, காகிதம் செருகிய பக்கத்தில் கையை வைத்திருந்தாள். குழுவில் இருந்த ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே, ஆனால் கண்ணில் சிரிப்பில்லாமல் கேட்டாள்.

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

இதற்காகத்தானே காத்திருந்தாள். மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சொல்லேன் பார்க்கலாம் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. தலைவரின் விரல் இன்னும் அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

"நாங்க பேசிக்கிறதில்ல" என்றாள் இளையவள். "கேக்க வேண்டிய நேரத்துல நான் கேக்கல."

அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு கேள்வி உண்டா என்றார் தலைவர். மூத்தவள் பதிவேட்டை மூடினாள், எழவில்லை.

மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தி, பதவி இப்போதைக்கு இல்லை, இன்னொரு வருடம் ஒப்பந்தம், பிறகு பார்க்கலாம் என்று இரண்டு வரி. அதோடு, பத்தொன்பது செல்களையும் தன் பெயரில் தனிக் கட்டுரையாக எழுதும்படி மூத்தவளுக்கு ஒரு கடிதம். இளையவள் அதைக் கணினியில் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். நான் மண்ணைக் கவ்வினேன், அவளுக்குக் கிரீடமா என்று மறுபடி மறுபடி தோன்றியது.

வீட்டில் மாடிப்படியின் கீழே மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள். தேய்த்த புடவையோடு, பதிவேடு இன்னும் கையில். மாமியார் பஞ்சாயத்துக்காரி மாதிரி நடுவில் நிற்க ஓடி வந்தாள். உள்ளே போங்கள் அத்தை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"நான் பொய் சொன்னேன்னு உனக்குத் தெரியும்" என்றாள் மூத்தவள். "ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா நீங்க பொய் சொல்ற ஆளுன்னு ஆயிடும். அப்புறம் உங்க பத்தொம்பது செல்லையும் எவன் நம்புவான்? எனக்கு அந்த எண்ணு வேணும். புதுசா மாடல் கட்டணும்."

மூத்தவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ என் மேல பாசம்னு நான் நினைச்சுடக் கூடாது."

"கூடாது."

"நல்லது. பொய் சொன்னதுக்கு நானும் மன்னிப்புக் கேக்கறதா இல்ல" என்றாள் மூத்தவள். "கைவேலைன்னு சொன்னியே, அதுக்குப் பதில் அது." படியேறிப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் வழக்கம்போலவே கேட்டது.

திங்கள்கிழமை காலை இளையவள் ஃபோல்டரைத் திறந்தபோது புதிதாக ஆறு செல்கள் கிடந்தன. அவற்றோடு இதுவரை இல்லாத ஒரு குறிப்புக் கோப்பு. அதில் ஒரே வரி: திருகில் பதினொன்று கழித்தாயிற்று, மறுபடி கழிக்காதே, முட்டாளே.

இளையவளுக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று கை பரபரத்தது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தாள். பிறகு புதுக் கட்டுரைக்கான கோப்பைத் திறந்து, ஆசிரியர்கள் என்ற இடத்தில் மூத்தவளின் பெயரைத் தட்டினாள். தன் பெயருக்குப் பின்னால்தான் போட்டாள். முன்னால் போட மனம் வரவில்லை.